பொம்மை வாங்கித் தராத விடுமுறை

மே மாதத்தில் யாராவது டெல்லிக்கு வருகிறேன் என்று போன் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போது இது மனுஷன் இருக்கிற ஊரா? காலை பத்து மணிக்கு மேல் வெளிக்கதவின் தாழ்ப்பாளைத் தொட முடியாது. கூலர் வாளி வாளியாகத் தண்ணீரைக் குடிக்குமே தவிரக் காற்று ஆறாது. பிப்ரவரியில் வாருங்கள், ஊரெல்லாம் பூவாக இருக்கும் என்று சொல்லி எத்தனையோ சொந்தக்காரர்களைத் தட்டிக்கழித்திருக்கிறேன். என் தம்பி மனைவியையும் அவர்களுடைய நாலு வயசு மகளையும் மட்டும் அந்த மே மாதத்தில் நானே அடம்பிடித்து வரவழைத்தேன்.

தம்பிக்கு இங்கே மத்திய அரசில் வேலை. அவன் மனைவிக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் ஆசிரியை வேலை. இரண்டுமே விட்டுவிட முடியாத வேலை. குழந்தை குப்புற விழப் பழகிய சமயத்தில் அவனுக்கு டெல்லி ஆர்டர் வந்தது. அதிலிருந்து அவன் இங்கே ஒரு மொட்டைமாடி அறையில், அவர்கள் அங்கே. குடும்பம் நடந்தது முழுக்க வீடியோ காலில்தான். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் குழந்தை போனில் இருக்கிற அப்பாவுக்கு முத்தம் கொடுப்பாள், பல்லைக் காட்டுவாள், எல்கேஜியில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வாள். இவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஆனால் லீவு போட்டு நேரில் போய் நின்றால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். பழக ஆரம்பிப்பதற்குள் இவன் லீவு முடிந்து ரயிலேறிவிடுவான்.

இந்தக் கூத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? விடுமுறை முழுக்க இங்கே வந்து இருக்கட்டும் என்று சண்டை போட்டு டிக்கெட் எடுக்க வைத்தேன். தம்பியின் அறை மே மாதத்தில் அடுப்புக்குச் சமம் என்பதால் எல்லாரும் லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் தங்கினார்கள். என் வீட்டுக்காரர் கூலர் இருக்கும் அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஹாலில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து வரும்போதே தம்பி ஒரு பேசும் பொம்மை வாங்கி வைத்திருந்தான். குழந்தை அதை அவன் கையிலிருந்து வாங்கவில்லை. அம்மா வாங்கிக் கொடுத்ததும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். மறுநாள் பந்து, அதற்கு மறுநாள் கலர் பென்சில். சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு அவன் தினமும் ஆபீஸ் விட்டு நடக்க ஆரம்பித்தான். சாமானை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அவள் ஓடுவதும், இவன் காலிக் கவரோடு நிற்பதும் எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“இனிமே ஒண்ணும் வாங்கப் போறதில்லக்கா. எங்கயாவது சும்மா கூட்டிட்டுப் போவோம். ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவ அவளா வந்து என்னத் தூக்குன்னு கேக்கணும். அது போதும் எனக்கு.”

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் தம்பி எதையும் வாய்விட்டுக் கேட்கிற ரகமே இல்லை.

அப்படித்தான் டெல்லியில் காசு கேட்காத இடங்களுக்கெல்லாம் நாங்கள் கிளம்பினோம். இத்தனை வருஷம் இந்த ஊரைத் திட்டித் தீர்த்தவள், அந்த விடுமுறையில்தான் இதன் பெருந்தன்மையைப் பார்த்தேன். அரண்மனை மாதிரிக் கல்லறைகளைக் கட்டி, சுற்றிலும் புல்லை வளர்த்து, கதவைத் திறந்துவைத்து, வா வந்து உட்கார் என்கிறது. பெண்களுக்கு பஸ்ஸிலும் டிக்கெட் இல்லை. நான் அதைப் பெருமையாகச் சொன்னதும் தம்பி மனைவி, எங்க ஊர்லயும் அப்படித்தானே மதினி என்று ஒரே போடாகப் போட்டாள். உங்க ஊர் ஓசி பஸ்ஸில் ஏசி உண்டா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

முதலில் லோதி கார்டன். விடிகிற நேரத்தில் போய்விட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் அங்கே பாதி டெல்லி இருக்கும். குளத்தில் வாத்து, புல்லில் யோகா, ஒரு பக்கம் காரணமே இல்லாமல் கூட்டமாகச் சிரித்துப் பயிற்சி செய்கிறவர்கள், இன்னொரு பக்கம் பராட்டா டப்பாவைத் திறந்து வைத்த குடும்பங்கள். குழந்தை வாத்தைப் பார்த்துக் குதித்தாள். தம்பி நாலடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ வழிப்போக்கன் மாதிரி நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற அப்பன் இப்படியா நிற்பது? குழந்தையை அப்படியே அள்ளி அவன் கையில் திணித்தேன்.

ஐயோ, அவள் போட்ட கூப்பாடு. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள்.

“விடு! எனக்கு அப்பா வேணும். அப்பாகிட்டப் பேசணும்.”

அப்பா கையில் இருந்துகொண்டே அப்பா வேண்டும் என்று அழுதாள். தம்பி முகத்தை அப்போது யாரும் பார்த்திருக்கக் கூடாது. அவன் அவளை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அவள் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு குழந்தை திமிறுகிறது, ஒரு ஆள் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான் தெரிந்தது. காவலாளி தடியோடு வந்து, யே பச்சா கிஸ்கா ஹை, யார் குழந்தை இது என்று தம்பியை அதட்டினான். வாக்கிங் வந்த ஒரு அம்மாள் போலீசைக் கூப்பிடச் சொன்னாள். நான் விடுவேனா? இவன் இவளுடைய அப்பன்தான் பைய்யா, பெற்ற அப்பன் என்று என் ஹிந்தி முழுவதையும் அவர்கள் தலையில் கொட்டினேன். தம்பி மனைவி ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். தம்பி போனை எடுத்து, பிரசவ ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வைத்திருக்கும் போட்டோவைக் காவலாளியிடம் காட்டினான். அவன் போட்டோவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அச்சா, அச்சா என்று சலாம் வைத்துவிட்டுப் போனான்.

பஸ்ஸில் திரும்பும்போது தம்பி மனைவி அழுதாள். தான் வேலையை விட்டிருக்க வேண்டுமோ என்று என்னிடம் முணுமுணுத்தாள். வேலையை விட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது என்று நான் ஒரு அதட்டல் போட்டேன். தம்பி என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் பக்கம் குனிந்து, யார் அவளைத் தன்னிடம் தள்ளினாலும் இனி வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்று மட்டும் சொன்னான். அவளைப் பார்க்கவும் மாட்டானாம், கூப்பிடவும் மாட்டானாம். இது என்ன வைத்தியமோ என்று எனக்குக் கடுப்பாக இருந்தது.

ஆனால் சொன்னபடி நடந்தான் பாருங்கள், அங்கேதான் அவனை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆபீசிலிருந்து களைத்து வருவான், சட்டையை மாற்றுவான், எங்களோடு கிளம்பிவிடுவான். சாணக்யபுரிப் பக்கத்துப் பெரிய பார்க்கில் எங்களுக்கு முன்னால் தனியாக நடப்பான். மேட்டில் ஏறுவான், இறங்குவான், திரும்பியே பார்க்க மாட்டான். குழந்தைக்கு அது விசித்திரமாக இருந்தது. இத்தனை நாள் துரத்திய ஆள் ஏன் இப்படிப் போகிறான் என்று அவன் முதுகையே பார்ப்பாள். பிறகு அவன் ஏறிய மேட்டில் தானும் ஏறினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் தானும் கட்டிக்கொண்டாள். தம்பி மனைவி என் கையைக் கிள்ளுவாள், நான் அவள் கையைக் கிள்ளுவேன். இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். நான் வாயைத் திறக்காமல் இருந்ததும் அந்த விடுமுறையின் ஒரு அதிசயம்தான்.

சாயங்காலங்களில் இந்தியா கேட் புல்வெளி. வெயில் தணிந்ததும் குடும்பம் குடும்பமாகப் படுக்கை விரிப்போடு வந்துவிடுவார்கள். வீட்டில் ஏசி இல்லாதவர்களுக்கு அந்தப் புல்லும் காற்றும்தான் கதி. ஜமுக்காளத்தில் படுத்துத் தூங்குவார்கள், பிள்ளைகள் பந்தடிப்பார்கள், முன்பின் தெரியாத வடநாட்டுப் பெண் ஒருத்தி நம் பிள்ளைக்கும் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டை நீட்டுவாள். ஒரு நாள் தம்பி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். குழந்தை வழியில் பொறுக்கிய சரக்கொன்றைப் பூவைக் கவுனில் கட்டி வைத்திருந்தாள். தூங்குகிறான் என்று நினைத்து மெதுவாகப் போய் அவன் வயிற்றில் ஒரு பூ வைத்தாள். அவன் அசையவில்லை. நெஞ்சில் வைத்தாள், நெற்றியில் வைத்தாள். பூவோடு வந்த எறும்பு அவன் கழுத்தில் ஊர்வதை நான் பார்த்தேன். கடித்தும் இருக்கும். கழுத்து நரம்பு துடித்ததே ஒழிய அவன் கண்ணைத் திறக்கவில்லை. மூடின கண்ணின் ஓரத்தில் மட்டும் ஈரம் இருந்தது.

இருந்தாலும் தூக்கு என்று அவள் கேட்கவில்லை. கிட்டே வருவாள், பூ வைப்பாள், அவன் கண்ணைத் திறந்தால் ஓடிவிடுவாள். ரயிலுக்கு நாள் நெருங்கியது. தம்பி மனைவி துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். இவன் வெளியே சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கன்னாட் பிளேஸ் பக்கம் இருக்கும் சீக்கியர்களின் குருத்வாராவுக்குப் போனோம். அங்கே யார் போனாலும் சாப்பாடு உண்டு. யார், என்ன, எந்த ஊர் என்று ஒரு கேள்வி கிடையாது. தலையைத் துணியால் மூடி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் எல்லாரோடும் வரிசையில் உட்கார வேண்டியதுதான். அந்த வெயிலில், அத்தனை பேருக்கும் முகம் சுளிக்காமல் பரிமாறுகிறவர்களைப் பார்த்தால் நமக்கே கோபம் அடங்கிப்போகிறது. ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கையையும் ஏந்தினால் கையில் வைப்பார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த ஒரு சர்தார்னி அம்மாளுக்குக் குழந்தை மேல் பிரியம் வந்துவிட்டது. ஆவோ பேட்டா என்று அழைத்து, அவள் கையில் கொஞ்சம் ரொட்டியைக் கொடுத்து, கை ஏந்துகிறவர்களுக்குக் கொடு என்று காட்டினாள். குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனுஷி மாதிரி வரிசையில் நடந்து ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டே வந்தாள். தம்பி முறை வந்தது. அவனும் மற்றவர்களைப் போல் குனிந்த தலையோடு இரண்டு கையையும் ஏந்தினான். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். வைத்தாள். அடுத்தவருக்குப் போனாள். பிறகு ஓடிப்போய் இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டு நடுவில் இருந்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு நேரே அவனிடம் வந்தாள். அவன் மறுபடி ஏந்தினான். அவளும் விடவில்லை, இவனும் போதும் என்று சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவன் அன்று தின்றதைப் பார்த்து எனக்குப் பயமே வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது உச்சி வெயில். அங்கே இருக்கிற குளத்தைச் சுற்றி வெள்ளைச் சலவைக்கல் தரை. செருப்பில்லாமல் அதில் கால் வைக்க முடியாது என்பதால், நடக்கிற வழியில் மட்டும் தென்னை நார்ப் பாய் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். தம்பி மனைவி வாசலில் கொடுத்துவைத்த செருப்புகளைத் திரும்ப வாங்கப் போயிருந்தாள். குழந்தை என் கையைப் பிடித்திருந்தாள். தம்பி வழக்கம்போலக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். குளத்தில் ஒரு பெரிய மீன் வாயைத் திறந்தது. அவ்வளவுதான், என் கையை உதறிக்கொண்டு பாயைத் தாண்டிக் கல்லில் ஓடினாள்.

ரெண்டு எட்டு வைத்திருப்பாள். வீலென்று கத்திக்கொண்டு காலை மாற்றி மாற்றிக் குதித்தாள். நான் பாய்ந்து போய்க் கையை நீட்டினேன். கைக்கெட்டும் தூரம்தான். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. என்னைச் சுற்றிக்கொண்டு ஓடி, தன்னை நோக்கிக் கல்லில் ஓடி வந்துகொண்டிருந்த தம்பியின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

“அப்பா, சுடுது. தூக்கு.”

அவன் தூக்கினான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பாதத்தை அவன் சட்டையில் தேய்த்தபடி விசும்பினாள். தூரத்தில் செருப்புப் பையோடு வந்த தம்பி மனைவி, இவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கிட்டே வரவில்லை. புத்திசாலி.

தம்பி நகரவேயில்லை. வெறுங்காலோடு அந்தக் கொதிக்கிற கல்லிலேயே நின்றான். பாய் பக்கத்தில்தான் இருந்தது.

“ஏல, கால் வெந்துரும். பாய்ல ஏறு” என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“கொஞ்சம் பொறு அக்கா. அசைஞ்சா எறங்கிருவா.”

பாய்க்குத் தண்ணீர் தெளிக்கிற வாளி ஓரமாக இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் என் தம்பியின் காலில் மெதுவாக ஊற்றிக்கொண்டு நின்றேன்.