லீடு தப்பினால் ரிதம் குனியும்

மெட்டை வாசிக்கும் லீடு கிட்டார்காரன் மேடையில் தப்பு விட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் ஓர் ஏற்பாடு இருந்தது. அவன் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, அங்கே நின்று பக்கவாத்தியமாக வாசிக்கிற ரிதம் கிட்டார்காரனை முறைக்க வேண்டும். ரிதம்காரன் உடனே குனிந்து, தன் கிட்டாரின் தலைப்பக்கம் இருக்கும் டியூனிங் கீயை முறுக்குவதுபோல் பாவனை செய்ய வேண்டும். ஓகோ, தப்பு விட்டது அவன்தான் என்று கூட்டம் நினைத்துக்கொள்ளும். லீடின் மானம் தப்பிக்கும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று தேர்த்திருவிழாக்களில் இப்படித்தான் பேர் வாங்கினோம்.

லீடு நான். ரிதம் வாசித்தவன் என் கூட்டாளி. எங்களுக்குள் உறவுமுறை எதுவும் கிடையாது. ஆனாலும் அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். இந்த ஏற்பாட்டைப் போட்ட அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும்தான் சிரித்தான்.

பாட்டுக்காரர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால், கூட்டம் சேர்க்க நாங்கள் நாலு பேர் மட்டும் வாசிப்போம். இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ். குரலே கிடையாது, கிட்டார்தான் பாடும். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் கிடைத்த பிரிட்டிஷ்காரர்களின் பழைய இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுப் பழகிய பாணி அது. அதே பாணியில் சொந்தமாகவும் சில மெட்டுகள் கட்டினோம். பிறகு கீபோர்டு வந்தது, ஒரே ஆள் எல்லாவற்றையும் வாசித்தான், நாங்கள் கலைந்தோம். நான் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஏஜென்ட் ஆனேன். மாப்ள கோழிப்பண்ணை போட்டு, எங்கள் எல்லோரையும்விட வசதியானான்.

போன வருஷம் டிரம்ஸ்காரரின் மகள் இங்கிலாந்திலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். அந்தக் காலத்தில் இதே மாதிரி இசை வாசித்த கிழவர்கள், பல வருஷம் கழித்து ஒன்றுகூடி ஒரு ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் செய்கிறார்கள். ஒருவருக்குத் தலையில் முடியே இல்லை, ஒருவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஆனால் அந்தக் கிட்டார் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. டிரம்ஸ்காரர் உடனே எனக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, அவுங்களுக்கும் நம்ம வயசுதானுங்க. அங்க முடியறது இங்க முடியாதுங்களா?"

முடியும் என்றேன். என் இடது கை மோதிர விரல் சர்க்கரை நோயில் மரத்துப்போயிருந்ததை மட்டும் சொல்லவில்லை. கம்பியை அழுத்தியிருக்கிறதா இல்லையா என்று அந்த விரலுக்கே தெரியாது. சொன்னால் லீடு கைமாறிவிடும் என்று பயந்தேன். மாப்ளயின் பண்ணையில் தீவன மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை பார்த்தபோது, வேகமான இடங்களை எல்லாம் "ரெக்கார்டிங்ல பாத்துக்கலாம்" என்று தாண்டிவிட்டேன். லீடு சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அதுவும் பழைய பழக்கம்தான்.

ஸ்டுடியோ சேலத்தில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது. மாப்ள தன் மனைவியையும் அழைத்து வந்திருந்தான். சாயங்காலம் சேலத்திலேயே ஒரு கல்யாண வரவேற்பு என்பதால் பட்டுப்புடவையில் வந்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ரெக்கார்டிங் செய்பவருக்குப் பின்னால் இருந்த சோபாவில் உட்கார்ந்து, மாப்ள கிட்டாரை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இரண்டு தடவை திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தான். கிழவனுக்கு வந்த குஷியைப் பார் என்று கேலி செய்தேன்.

முதலில் எடுத்தது எங்கள் சொந்த மெட்டு. ஆரம்பம் நன்றாகத்தான் போனது. வேகமான இடம் வந்தது. விரல் வழுக்கியது, சுரம் செத்துப்போய்த் தட்டென்று விழுந்தது. அடுத்த நொடி என் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பியது. மாப்ளயை முறைத்தேன். அவன் குனிந்து கீயை முறுக்கினான்.

வேண்டுமென்று செய்யவில்லை. அங்கே கூட்டமும் இல்லை, மேடையும் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் அவன் மனைவியின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அப்போதே "தப்பு என்னுதுங்க" என்று சொல்லியிருக்கலாம்.

மறுபடி எடுத்தோம். அதே இடம், அதே வழுக்கல், அதே முறைப்பு. இந்தத் தடவை நான் ஒன்று சேர்த்தும் சொன்னேன்.

"கொஞ்சம் பாத்து வாசி மாப்ள."

"சரிங்க மாமா" என்றான், குனிந்தபடியே.

நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. முறைப்பாவது கழுத்தின் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வார்த்தையை நான்தான் யோசித்துச் சொன்னேன்.

ரெக்கார்டிங் செய்பவர் நாங்கள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் பேசினார். "ரிதம் சார் கொஞ்சம் வெளிய உக்காரட்டுங்க. மத்தவங்களை மொதல்ல எடுத்துட்டு, அவரோடதைத் தனியா எடுத்துக்கலாம்." என்னை நம்பித்தான் அவர் அப்படிச் சொன்னார். மாப்ள மறுபேச்சுப் பேசாமல் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த அம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டுடியோ என்பது மேடை இல்லை என்பது எனக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது. அங்கே ஒவ்வொருவர் வாசிப்பும் தனித்தனியாகப் பதிவாகிறது. ரிதம் எங்கே தவறியது என்று பார்க்க, அவர் மாப்ளயின் வாசிப்பை மட்டும் தனியாக ஓடவிட்டார். நாங்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று கேட்டோம். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு பிசிறு இல்லை. அந்த மனிதர் காதைச் சொறிந்துகொண்டார். அடுத்து என்னுடையதைப் போட்டார்.

பெரிய ஸ்பீக்கரில், வேறு எந்தச் சத்தத்தின் துணையும் இல்லாமல், என் விரல் தட்டென்று விழுந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் விழுந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சை வெறித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாதான் பேசினார். "ஏனுங்கண்ணா, அப்பவும் இப்படித்தானுங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"கண்ணாலமான புதுசுல, சேந்தமங்கலத்துத் திருவிழாவுக்கு எங்க ஊட்டு சனத்தையெல்லாங் கூட்டிட்டு வந்து முன்னால உக்காந்தனுங்க. நீங்க மொறைக்கறீங்க, இவரு குனியறாரு. உன் ஊட்டுக்காரனுக்கு வாசிக்கவே வராதாட்ட இருக்குதுன்னு எங்கண்ணமாரு சிரிச்சாங்க. அதுக்கப்பறம் ஒரு கச்சேரிக்கும் நான் வரலைங்க. ஏன் வாரதில்லைன்னு இவரு கேக்கவும் இல்லைங்க."

நான் மாப்ளயைப் பார்த்தேன். அவன் சோபா ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "அதெல்லாம் எதுக்கு இப்ப? அவரு லீடு. அது அப்படித்தான்" என்றான்.

வீட்டில் கூடச் சொல்லவில்லையா? கட்டிய மனைவியிடம், தலையணையில் தலை வைத்தபடியாவது, "அது சும்மா நடிப்பு" என்று சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அவன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் அவமானம் வந்தது. மெதுவாக வந்தாலும், வந்து அழுத்தி உட்கார்ந்துகொண்டது.

விரல் விஷயத்தைச் சொன்னேன். "லீடை நீ வாசி மாப்ள. நான் ரிதம் பாத்துக்கறேன்." அவன் வேண்டாம் என்றான். டிரம்ஸ்காரர் அதட்டி எழுப்பினார். என் பக்கத்திலேயே நின்று கேட்டவன் அல்லவா, ஒரு சுரம் விடாமல் அவனுக்குத் தெரிந்திருந்தது. இடம் மாறி நின்றோம். என் லீடைவிட அவனுடையது மெதுவானது, ஆனால் பாடியது. கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

வேகமான இடம் வந்தது. அவனும் தப்பினான். ஒரே ஒரு சுரம்தான்.

ஏற்பாட்டின்படி அவன் இப்போது என் பக்கம் திரும்பி முறைக்க வேண்டும், நான் குனிய வேண்டும். அவன் திரும்பவில்லை. குனிந்து, தன் கிட்டாரின் கீயையே முறுக்கினான்.

அவன் குனிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஏற்கெனவே அவனை முறைத்துக்கொண்டிருந்தேன்.