கலும்பாங் போற வழியில மாமா காலை உதைச்ச பிரேக்

1988, ஒரு ஞாயித்துக்கிழம காலையில கோலசிலாங்கூர்லேர்ந்து கெளம்புனோம். மாணிக்கம் மாமா முன்ன லோரி ஓட்டுனவரு, இப்ப ஒரு தவுக்கேக்கு, சீன மொதலாளிக்கு, டிரைவர். மாமா பையன் கணேசனுக்குக் கலும்பாங்ல பொண்ணு பாக்கணும். தவுக்கே தன்னோட புது ஜெர்மன் காரையே குடுத்தாரு. கூடவே, "ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, நாளைக்கு வேலைக்கு வராத"ன்னும் சொன்னாரு.

நான் கோலாலம்பூர்ல காலேஜ். கார் மேகசின் படிக்கிற ஆளு. பின்சீட்ல அத்தையும் கணேசனும். நான் முன்சீட்ல உக்காந்து ஓதுனேன்: "மாமா, இதுல ஏபிஎஸ் இருக்கு. பழைய கார்ல ஓங்கி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும், வழுக்கும், ஸ்டேரிங் திருப்பினாலும் போற பக்கமேதான் போகும். இதுல சக்கரத்துல சென்சார். பூட்டப் போகுதுன்னா கம்ப்யூட்டரே டக்குடக்குன்னு விட்டு விட்டு பிடிக்கும். நீங்க மிதிச்சுக்கிட்டே திருப்புங்க."

"லோரில விட்டு விட்டு பம்ப் பண்ணிதான் மிதிப்போம்லா. என் காலே கம்ப்யூட்டர்தான்."

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டுனா எஸ்டேட் ஓரத்துல முனியாண்டி கோயில். மாமா எப்பவும் நிறுத்தி ஒரு சுருட்டு வச்சுட்டுதான் போவாரு. அன்னைக்கு லேட்டு, மழ வேற, நிறுத்தல.

அடுத்த வளைவுல நடு ரோட்டுல ஒரு மாடு.

மாமா ஓங்கி மிதிச்சாரு. பெடல் படபடன்னு அவரு காலத் திருப்பி உதைச்சுச்சு. மாமா பட்டுன்னு கால எடுத்துட்டாரு.

"உதைக்கறாருடா."

"அது ஏபிஎஸ் மாமா, சாமி இல்ல. மிதிங்க, விடாதீங்க."

பின்னாலேர்ந்து அத்தை: "சாமி உதைக்கறப்ப மிதிக்கச் சொல்றான் பாரு, படிச்ச பய."

"அப்பா, நான் பஸ்லயே வந்துக்கறேன்"னான் கணேசன்.

"மன்னிச்சிருப்பா"ன்னு மாமா மறுபடி மிதிச்சாரு. பெடல் துடிக்கத் துடிக்க ஸ்டேரிங்கத் திருப்புனாரு. காரு வழுக்காம மாட்டச் சுத்தி வளைஞ்சு நின்னுச்சு. மாட்டு வாலு மட்டும் கதவத் தடவிட்டுப் போச்சு.

மாமா ரிவர்ஸ்லயே கோயிலுக்குப் போயிட்டாரு.

ராசாங்கிற ஊரத் தாண்டி கலும்பாங் சேரறப்ப மத்தியானம். பொண்ணோட அப்பா, எஸ்டேட்ல ஆளுங்கள மேய்க்கிற மண்டோர், காரப் பாத்துட்டு எப்படின்னு கேட்டாரு.

"நல்ல காருதான். ஓங்கி மிதிச்சா திருப்பி உதைக்கும்."

காப்பி கொண்டாந்த பொண்ணு, "நானும் அப்படித்தான் மாமா"ன்னுச்சு. காலையிலேர்ந்து உம்முனு இருந்த கணேசன் அப்பதான் சிரிச்சான். முடிவாயிருச்சு.

எங்க வீட்டுக் கார் பிரேக் மூணு மிதிக்கு ஒரு தடவதான் பதில் சொல்லும். இந்தக் கார விட்டு எறங்க எனக்கு மனசே வரல.

மழ விட்டுத் திரும்பறப்ப மாமா முனியாண்டிகிட்ட மறுபடி ஒருக்கா நிறுத்துனாரு. சாயங்காலம் தவுக்கே கார சுத்தி சுத்திப் பாத்தாரு. கீறல் இல்ல. ஆனா குனிஞ்சவரு நிமிரல. நாலு சக்கரத்துலயும் சந்தனம், குங்குமம்.

"இது என்னா, மாணிக்கம்?"

மாமா என்னைக் காட்டுனாரு. "சென்சார் அங்கதான் இருக்குன்னு இவன் சொன்னான் தவுக்கே."