"கேட்டுச்சு" என்று சொன்னேன்

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள். திண்டுக்கல் பேகம்பூரில் என் தங்கை மகளுக்கு நிக்காஹ். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வரும் இரண்டு சாட்சிகளில் நான் ஒருவன்.

எனக்கு நாற்பது வயதிலேயே காது மந்தம். மதராஸில் வாங்கிய காது மிஷின் வைத்திருந்தேன். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அமைதியான வீட்டில் அது தங்கம். நாலு பேர் கூடிவிட்டால் கரண்டிச் சத்தமும் மனிதர் பேச்சும் ஒன்றாக வந்து மோதும். எல்லாரும் என் காதருகே வந்து கத்துவார்கள். மைக் பெட்டியில்தான் இருக்கிறது, அதனிடம் பேச வேண்டும் என்று கண்டுபிடித்தவள் என் தங்கை மகள்தான். பையிலிருந்து பெட்டியை உருவி, வாயருகே வைத்துக்கொண்டு பேசுவாள். சபையில் அப்படிச் செய்ய எனக்கு வெட்கம். விளங்காவிட்டால் தலையாட்டிவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன்.

அன்று பெண்ணின் வாப்பாவுக்குத் தம்பியான சாச்சாவும் சாட்சிகள் இருவரும் பெண்கள் அறைக்குப் போனோம். வாசலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அறை நிறையப் பெண்கள், குழந்தைகள். சாச்சா சம்மதம் கேட்டார். முக்காட்டுக்குள் அவள் ஏதோ முனகினாள். "சரின்னுடுச்சு" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள்.

"மச்சான், ஒங்களுக்குக் கேட்டுச்சுல்ல?" என்றார் சாச்சா என்னிடம்.

"கேட்டுச்சு" என்றேன், வழக்கம்போல.

எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். மருதாணிக் கை ஒன்று நீண்டு, என் பையிலிருந்த பெட்டியை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வயரோடு நானும் குனிந்தேன். கூட்டமும் ஒலிபெருக்கியும் பின்னால் போய்விட்டன. அவள் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"எனக்குச் சம்மதமில்ல மாமு. ஒரு மாசமா எல்லார்ட்டயும் சொல்றேன்."

இப்போதுதானே கேட்டுச்சு என்று சொன்னேன்?

"பொண்ணு வேணாங்குது" என்றேன். காது மந்தமானவன் குரல் பெரியது. பந்தல் வரை போய்விட்டது. என் தங்கை சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சம்மதமில்லாமல் நிக்காஹ் இல்லை என்று இமாம் எழுந்துகொண்டார். தேக்சாவில் பிரியாணி அப்படியே கிடந்தது. தங்கை கணவர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அவள் பிறகு மனதுக்குப் பிடித்த இடத்தில் வாழ்க்கைப்பட்டு, ஆயக்குடியில் சௌக்கியமாக இருக்கிறாள்.

எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு பெண்ணின் நிக்காஹிலும் இதே மிஷினோடு போய், இதே மாதிரி தலையாட்டிவிட்டு வந்த சாட்சி நான். அன்று அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.