கீழ வண்டி வருது

மூணே வார்த்தை. என் வாயாலதான் பதிஞ்சேன். கடையில ஃபேனை நிறுத்திட்டு, தொண்டையைக் கனைச்சிக்கினு, செல்போனை வாய்கிட்ட வெச்சி ஏழெட்டு தடவை சொல்லிப் பாத்து, நல்லா வந்த ஒண்ணை எடுத்துக்கினேன். "கீழ வண்டி வருது." அதுக்கு ஜோடியா இன்னொண்ணு, "மேல வண்டி வருது." நியூஸ் வாசிக்கிறவன் குரல் மாதிரி இருக்குதுன்னு எனக்கு நானே மெச்சிக்கினேன்.

என் பேரு கலியபெருமாள். கள்ளக்குறிச்சியில முப்பது வருசத்துக்கு மேல ஆட்டோ எலக்ட்ரீஷியன். புதுசா தொழிலுக்கு வர்றவங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கன்னு சங்கத்துல கேட்டாங்க. மலை வண்டியில பேசற பாக்ஸை நான் கண்டுபிடிச்ச கதையை எழுதுவேன்னு நெனச்சிருப்பாங்க. அதைத்தான் எழுதறேன். ஆனா அவங்க மேடையில பொன்னாடை போட்டப்போ கேட்ட கதை இது இல்ல.

1. நீ ஸ்டியரிங்கைப் பாரு

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறினவங்களுக்கு அந்த வளைவுங்க தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எதிர வர்ற வண்டி மூக்குக்கு நேரா வந்தப்புறம்தான் தெரியும். ஹாரன் அடிச்சிக்கினே போவணும். மழையிலயும் பனியிலயும் அந்த ஹாரனும் சரியா கேக்காது. போன் டவரும் பாதி எடத்துல கெடையாது.

டவர் இல்லாமலே ஒரு வண்டி இன்னொரு வண்டிகிட்ட பேசினா இன்னான்னு எனக்கு ஒரு யோசனை. ஒரு ரேடியோ மாட்யூல், ஒரு ஜிபிஎஸ், ஒரு சின்ன ஸ்பீக்கர். டேஷ்போர்டுக்கு அடியில மாட்டிட்டா, கிட்ட வர்ற இன்னொரு பாக்ஸை அதுவே கண்டுபிடிச்சி, அந்த வண்டி மலையில மேல இருக்குதா கீழ இருக்குதான்னு சொல்லும். மேலேருந்து வந்தா "மேல வண்டி வருது". கீழேருந்து வந்தா "கீழ வண்டி வருது". பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டரோட இரைச்சல் ஸ்பீக்கர்ல ஏறாம பாத்துக்கறதுக்கே ஒரு மாசம் ஆச்சி. வண்டி உதிரிபாகம் செய்யற ஒரு கம்பெனியில கேள்விப்பட்டு நிர்மலான்னு ஒரு என்ஜினீயர் மேடம் வந்து பாத்தாங்க. "ட்ரையல் ஓட்டிப் பாக்கலாம் சார், சரியா வந்தா உங்க பேர்லயே பேட்டன்ட் போடலாம்"னு சொன்னாங்க. அன்னிக்கி நான் தரையில நடக்கல.

மலையிலேருந்து மரவள்ளிக் கிழங்கு எறக்கற தனபாலோட பிக்கப் வண்டிங்கள்ல பாக்ஸை மாட்டினோம். அவர்கிட்ட டிரைவரா இருந்தவன் சவரிமுத்து. கருணாபுரத்துக்காரன். அந்த ரோட்டுல அவனை மாதிரி வண்டி ஓட்டறவன் கெடையாது. ஒரு காலத்துல குடிச்சவன்தான், அதை மறைக்க வேணாம். கருணாபுரத்துல கள்ளச்சாராயத்தால அத்தனை பேர் செத்தாங்களே, அதுல அவன் கூடப் பொறந்த அண்ணனும் ஒருத்தன். அண்ணனைப் பொதைச்ச அன்னியிலேருந்து சவரிமுத்து தொட்டதில்ல. எனக்கு அது தெரியும். நல்லாவே தெரியும். இத்த ஞாபகம் வெச்சிக்குங்க.

பாக்ஸ் மாட்டி முடிச்சி ஒரு தடவை பேசவிட்டுக் காட்டினேன். அவன் தலையைச் சொறிஞ்சிக்கினே கேட்டான்.

"அண்ணே, இது பேசியே ஆவணுமாண்ணே?"

"ஏன், என் குரல் நல்லால்லியா?"

"குரலுக்கு இன்னாண்ணே, ஜோரா இருக்குது. வார்த்தைன்னா ஆளாளுக்கு ஒரு மாதிரி எடுத்துப்பான். ஹாரன் சத்தமே வெச்சிடுங்களேன். எதிர வந்தா நீளமா ஒண்ணு, பின்னால வந்தா சின்னதா ரெண்டு. மலையில நாங்க அப்பிடித்தான் அடிச்சிக்குவோம். யோசிக்க வேணாம், கால் தானா பிரேக்குக்குப் போயிடும்."

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சி. ஏழாவதோட நின்னவன் எனக்கு டிசைன் சொல்லித் தர்றானான்னு தோணிச்சி. மேடம் வேற பக்கத்துல நின்னுக்கினு இருந்தாங்க.

"நீ ஸ்டியரிங்கைப் பாரு சவரி. வயரை நான் பாத்துக்கறேன்"ன்னேன்.

அவன் சிரிச்சிட்டு, "சரிண்ணே"ன்னு வண்டியை எடுத்துக்கினு போய்ட்டான்.

2. டீக்கடை

ஒம்போதாவது நாள் காலையில தனபால் போன் பண்ணாரு. "அண்ணே, மலையில நம்ம வண்டியும் நம்ம வண்டியும் மோதிக்கிச்சி. கெளம்பி வாங்க."

சவரிமுத்து கிழங்கு லோடோட எறங்கிக்கினு இருந்திருக்கான். மலையில நல்ல பனி. தனபாலோட இன்னொரு வண்டி காலியா ஏறி வந்திருக்குது. வளைவுல மூஞ்சிக்கு மூஞ்சி. ஏறி வந்தவன் மேல இடிச்சிடக் கூடாதுன்னு சவரிமுத்து பாறைப் பக்கமா ஒடிச்சிட்டான். அவன் வண்டி முன்பக்கம் நசுங்கி, வலது கால் முட்டிக்குக் கீழ ஒடிஞ்சிடுச்சி. ஏறி வந்த வண்டியில ஒரு கண்ணாடிதான் போச்சி. அந்த டிரைவர் பாட்டை சத்தமா வெச்சிக்கினு வந்திருக்கான். பாக்ஸ் பேசினதே அவன் காதுல விழல.

நான் போற வழியில கச்சிராயபாளையத்துல ஒரு டீ குடிக்க நின்னேன். பக்கத்துல ஒரு அம்மா ரெண்டு பையை வெச்சிக்கினு டீக்கடைக்காரரைக் கேட்டாங்க.

"மேல வண்டி போயிடுச்சாங்க?"

"மேல வண்டி அப்பவே போயிடுச்சும்மா. கீழ வண்டிதான் இனிமே வரும்."

டீ கிளாஸை அப்படியே வெச்சிட்டேன்.

இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச பேச்சு அது. மேல வண்டின்னா மலைக்கு ஏறிப் போற வண்டி. கீழ வண்டின்னா எறங்கி வர்ற வண்டி. நானோ டவுன்ல ஸ்டூல்ல உக்காந்துக்கினு, வண்டி எங்க நிக்குதுங்கறதைத்தான் யோசிச்சேன். எந்தப் பக்கம் போவுதுங்கறதை யோசிக்கல. மேல இருந்தா மேல வண்டி, கீழ இருந்தா கீழ வண்டி. முழுக்க உல்ட்டா. முப்பது வருசமா மலை வண்டிங்களுக்கு வயரிங் பாத்தவன், அதுல ஒண்ணைக்கூட மலையில ஓட்டினதில்ல.

இனிமே கணக்குப் போட்டுப் பாருங்க. சவரிமுத்து எறங்கறான். பாக்ஸ் "கீழ வண்டி வருது"ங்குது. ஒரு வண்டி கீழேருந்து எதிர வருது, நில்லுன்னு நான் சொல்ல வந்தது. அவன் காதுக்கு அது, கீழ எறங்கற வண்டி இன்னொண்ணு உனக்குப் பின்னால வருதுன்னு கேட்டிருக்கும்.

அப்படி இருக்கக் கூடாது சாமின்னு வேண்டிக்கினேதான் சவரிமுத்துவைச் சேத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

3. முடிக்காத ஒரு பேச்சு

சவரிமுத்து கட்டில்ல கெடந்தான். பக்கத்துல அவன் பொண்டாட்டி மேரி. தனபால் நின்னுக்கினே கேட்டுக்கினு இருந்தாரு.

"பாக்ஸ் சொல்லிச்சா இல்லியாடா?"

"சொல்லிச்சிங்க."

"சொல்லிச்சின்னா ஏன் நிக்கல? ஏறி வர்றவனுக்குத்தானே வழி விடணும்? அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"கண்ணாடியில பாத்தங்க."

"எந்தக் கண்ணாடியில?"

"சைடு கண்ணாடியில. பின்னால எவனாவது வர்றானான்னு."

தனபால் என்னைத் திரும்பிப் பாத்தாரு. எதிர வண்டி வருதுன்னு பாக்ஸ் கத்தறப்ப ஒருத்தன் பின்னால பாத்தேன்னு சொன்னா யார் நம்புவாங்க? சவரிமுத்துவும் என்னையே பாத்தான். அவனுக்கு வலியில பேச்சு சரியா வரல. "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே, அது அப்பிடித்தானே சொல்லிச்சி"ன்னான்.

எனக்கு எல்லாம் புரிஞ்சி போச்சி. அந்த நிமிசம் நான் வாயைத் திறந்திருந்தா இந்தக் குறிப்பே தேவைப்பட்டிருக்காது.

தனபால் என்னை வராந்தாவுக்கு இட்டுக்கினு போனாரு. ரெண்டும் அவர் வண்டியே, அதனால போலீஸ் கேசு வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு. கேசு இல்லாததால குடிச்சிருந்தானான்னு டாக்டருங்களும் டெஸ்ட்டு எடுக்கல.

"அண்ணே, பாக்ஸ்ல கோளாறு ஒண்ணும் இல்லியே?"

"பாக்ஸ் கரெக்டா வேலை செஞ்சிருக்குதுங்க."

"அப்ப இவன் கண்ணாடியில பாத்தேன்றான், பின்னால பாத்தேன்றான். போட்டுருந்தானா?"

நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கினு சொன்னேன். "நான் எப்படிங்க சொல்றது. கருணாபுரத்து ஆளு..."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லல. சொல்லவும் தேவைப்படல. இந்த ஊர்ல அந்தப் பேரைச் சொல்லி நிறுத்தினா மிச்சத்தைக் கேக்கறவங்களே போட்டுக்குவாங்கன்னு தெரிஞ்சேதான் நிறுத்தினேன். என் கூட வேலை செஞ்ச ஒருத்தனோட அண்ணன் சாவை எடுத்து என் பாக்ஸுக்கு முட்டுக் குடுத்தேன். எழுதறப்பவே கை கூசுது.

தனபால் தலையை ஆட்டிக்கினே உள்ள போனாரு. வராந்தாவுல தண்ணி பிடிக்க வந்த மேரி காதுல நான் சொன்னது விழுந்திருக்கும்னு எனக்கு அப்ப தோணல.

அடுத்த வாரம் மேடம் போன் பண்ணி, "டிரைவர் எரர்னு ரிப்போர்ட் போட்டுக்கலாமா சார்?"ன்னாங்க. போட்டுக்குங்க மேடம்ன்னேன். அதோட நிறுத்தியிருந்தாலும் பரவாயில்ல. "ஒரு சின்ன இம்ப்ரூவ்மென்ட் மேடம். குரல் வேணாம், ஹாரன் சத்தம் வெச்சிடலாம். எதிர வந்தா நீளமா ஒண்ணு, பின்னால வந்தா சின்னதா ரெண்டு"ன்னு சொன்னேன். "பிரமாதம் சார், இதுதான் சார் கண்டுபிடிப்பே"ன்னாங்க மேடம். பேட்டன்ட் ஃபார்ம் வந்தது. கண்டுபிடிச்சவர் பேருன்னு இருந்த கட்டத்துல என் பேரு மட்டும் இருந்தது. கையெழுத்து போட்டேன்.

4. மில்லுல

ஒன்றரை வருசம் போச்சி. பாக்ஸ் நல்லா ஓடிச்சி. காலேஜ்ல கூப்புட்டு மேடை ஏத்தினாங்க. சவரிமுத்துவை தனபால் திரும்ப எடுத்துக்கல. வேற ஓனருங்களும் எடுக்கல. லோடு வண்டியைக் குடிகாரன்கிட்ட எவன் குடுப்பான்?

ஒரு நாள் ஜவ்வரிசி மில்லுல ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆவலன்னு கூப்புட்டாங்க. போனேன். அங்க கிழங்கு மூட்டை எறக்கிக்கினு இருந்தவன் காலை இழுத்து இழுத்து நடந்தான். சவரிமுத்து. நான் தலையைக் குனிஞ்சிக்கினு போயிடலாம்னுதான் பாத்தேன். அவனே கூப்புட்டான்.

"அண்ணே, நல்லாருக்கீங்களாண்ணே? பாக்ஸ் இப்ப பேசறதில்லியாமே. ஹாரன் அடிக்குதாமே."

"ஆமா சவரி."

"நல்லதாப் போச்சிண்ணே. இனிமே என்னை மாதிரி எவனும் மாட்டிக்க மாட்டான்."

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அவன் முகத்துல குத்தலே இல்ல. ஜெனரேட்டர்ல இன்னா பழுதுன்னுகூட அன்னிக்கி எனக்குத் தெரியல. நாளைக்கி வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை அவங்க கோயிலுக்குப் போய்ட்டு வந்தப்புறம் கருணாபுரத்துல அவன் வூட்டுக்குப் போனேன். வாசல்லயே எல்லாத்தையும் கொட்டிட்டேன். டீக்கடையில கேட்டது, வராந்தாவுல சொன்னது, ஃபார்ம்ல கையெழுத்து போட்டது. அவன் கேட்டுக்கினே இருந்தான்.

"தெரியும்ணே"ன்னான்.

"எப்ப தெரியும்?"

"ஹாரனா மாத்திட்டீங்கன்னு பசங்க சொன்னாங்க இல்ல, அன்னிக்கே. தப்பு இல்லன்னா ஏன் மாத்தப் போறீங்க?"

"ஏன்டா என்னை வந்து கேக்கல?"

"நான் கேட்டா, குடிச்சிட்டு வந்து வம்பு பண்றான்னு சொல்லியிருப்பாங்கண்ணே."

தனபால்கிட்டயும் கம்பெனியிலயும் உண்மையைச் சொல்லிடறேன், ஃபார்ம்ல உன் பேரையும் போடச் சொல்றேன்னேன். அவன் அதெல்லாம் காதுலயே வாங்கல. வூட்டு உள்ளாற பாத்துக்கினு இருந்தான்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே. இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, இத்த அவகிட்ட சொல்லுங்க."

மேரி வெளிய வந்தாங்க. நான் எழுந்து நின்னேன். "அம்மா, அன்னிக்கி சவரி குடிக்கல. தப்பு என்னுது. தெரிஞ்சேதான் அவன் மேல போட்டேன்"னு சொன்னேன்.

அந்தம்மா என்னைப் பாக்கல. புருசனைப் பாத்தாங்க. அப்புறம் என்கிட்டதான் சொன்னாங்க, குரலை ஒசத்தாம.

"ஒன்றரை வருசமா இவரு வாயை மோந்து பாத்துட்டுத்தாங்க நான் சோறு போட்டேன்."

சவரிமுத்து, "வுடு மேரி"ன்னான்.

மறுநாள் தனபால்கிட்ட சொன்னேன். "இப்ப எதுக்குண்ணே பழசைக் கெளர்றீங்க"ன்னாரு. கெளறணுங்கன்னு உக்காந்து முழுசா சொல்லிட்டுத்தான் எழுந்தேன். அவர் சவரிமுத்துவைக் கூப்புட்டு அனுப்பியிருக்காரு. கால் பிரேக்கை அழுத்துமான்னு பாக்கணும். மேடத்துக்கும் எழுதிட்டேன். கண்டுபிடிச்சவர் கட்டத்துல இன்னொரு பேர் சேக்க முடியுமான்னு பாக்கறாங்க.

தொழிலுக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். உங்க மெஷின் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, அதைக் கேக்கப் போறவங்க எப்படிப் பேசிக்கிறாங்கன்னு போய்க் கேளுங்க. அந்தத் தப்பைத் திருத்தறதுக்கு எனக்கு ஒரு நாள்தான் ஆச்சி. பழைய குரலை அழிச்சிட்டுப் புது சத்தம் ஏத்தினா முடிஞ்சிடுச்சி. வராந்தாவுல நான் பாதியில நிறுத்தின பேச்சு ஒன்றரை வருசம் ஒரு வூட்டு சோத்துத் தட்டுக்கிட்ட உக்காந்துக்கினு இருந்துச்சி.