எதிரே வந்து நின்ற மகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், மீஞ்சூரில் எங்கள் வீட்டுத் தோட்டம். தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு வாழை, நான்கைந்து கத்திரிச் செடி, துணி துவைக்கும் கல். அவ்வளவுதான்.

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். இரும்புத் தகடு அடிக்கும் பெரிய பெரிய பிரஸ்களுக்கு நடுவில் வேலை. வாரமெல்லாம் ஷிப்ட், ரயில் என்று ஓடுகிற மனிதர் எங்களுக்குக் கிடைப்பது ஞாயிறு மட்டும்தான். காலையில் தோட்ட வேலை, மதியத்துக்கு மேல் பைக்கில் பழவேற்காடு. ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்று, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காருவாள். தலையை ஒரு பக்கமாக நீட்டி, வண்டிக் கண்ணாடியைப் பார்த்துத்தான் அப்பாவிடம் வாயடித்துக்கொண்டு வருவாள். "ஏய், தலைய உள்ள வெச்சிக்கினு ஒழுங்கா குந்துடி" என்று நான் பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டுவேன்.

வீட்டில் எனக்கு இரண்டு தீராத புலம்பல்கள் இருந்தன. ஒன்று, என் கணவர் எது சொன்னாலும் "சரி, சரி" என்று தலையாட்டுவார், ஆனால் ஒன்றும் நடக்காது. தக்காளி வாங்கி வாருங்கள் என்றால் வெறுங்கையோடு வந்து நிற்பார். இதிலும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறாமை. "உன் ஊட்டுக்காரரு மாதிரி யாருக்கும்மா வாய்க்கும்? எது சொன்னாலும் சரின்றாரு. எங்க ஊட்லயும் ஒண்ணு கீதே!" என்பார். நானும் வெளியே பெருமையாகச் சிரித்துக்கொள்வேன்.

இன்னொன்று டிவி. சாயங்காலம் ஆனால் மகள் அதை அலறவிடுவாள். நான் குறைப்பேன், அவள் ஏற்றுவாள். "காது இன்னா செவிடாடி உனுக்கு?" என்று கத்துவேன். பதில் பேசமாட்டாள். ரிமோட்டை மட்டும் விடமாட்டாள்.

ஃபிட்டர் வீடு என்றால் எல்லாமே இரும்புதான். செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி ஸ்டாண்டு, துணிக்கொடிக் கம்பம் எல்லாம் அவர் கையால் வெல்டிங் வைத்தது. முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியை ஊரே மூங்கிலில்தான் வைத்திருக்கும். மூங்கில் உளுத்துப்போகும் என்று இவர் நீளமான இரும்புப் பைப்பில் செய்து, முனையில் வளைந்த கத்தியும் வைத்திருந்தார். "நம்ம பொண்ணு கல்யாணம் வரிக்கும் தாங்கும் இது" என்று பெருமை வேறு. தெருவில் இரவல் வாங்கிப் போவார்கள். அது இரும்பு என்பதை நாங்கள் யாருமே யோசித்ததில்லை.

அந்த மழையில் முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடந்தது. ஒரு கிளை வீட்டுப் பக்கம் சாய்ந்து, பூச்சி ஜன்னல் வழியாக உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. இட்லி வைக்கும்போதே, "அந்தக் கெளைய வெட்டினாத்தான் பழவேற்காடு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்று அவர் துரட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். மகள் கத்திரிச் செடிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு புடவையை உதறிவிட்டு எதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். அந்தக் கிளைக்குப் பின்னால், இலைக்குள் மறைந்தபடி, போஸ்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட் ஒயர். கிளை உரசி உரசி மேலே இருந்த ரப்பர் கிழிந்து, உள்ளே கம்பி பளபளத்தது. கீழே நிற்பவருக்கு அது தெரியாது. இரும்புத் துரட்டி நேராக அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"ஏங்க! நிறுத்துங்க! ஒயர் கீது, ஒயரு!"

அவர் திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "தொண்ட கிழிய கத்திக்கினு கீறேன், இன்னா மனுஷன்யா நீ!" என்றுகூடக் கத்தினேன். துரட்டி இன்னும் ஒரு முழம் மேலே போனது. அவ்வளவுதான், கோபமெல்லாம் எங்கே போனதோ, ஒயர் பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். படிக்கட்டு வீட்டின் முன்பக்கம். நான் ஓடி இறங்கிச் சுற்றி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் காட்டிய பக்கம் அண்ணாந்து பார்த்தாள். அவள் "அப்பா" என்று கத்தவில்லை. சட்டையைப் பிடித்து இழுக்கவுமில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி, அவர் முகத்துக்கு நேர் எதிரே போய் நின்றாள். சேறு படிந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள்.

அவர் அவளைப் பார்த்தார். துரட்டி நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கி, மண்ணில் விழுந்தது.

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. மகளை வாரி அணைத்துக்கொண்டேன், அடுத்த நொடியே அவளைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டி, அப்பான்னு ஒரு கொரலு குடுக்கத் தோணலியா உனுக்கு?"

"கூப்ட்டா அப்பாவுக்குக் கேக்காதும்மா. எதுர வந்து நின்னாத்தான் தெரியும்" என்றாள். ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். சொன்ன பிறகுதான் அப்பாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து, "எவ்ளோ நாளா?" என்று கேட்டேன். அவர் கண் என் உதட்டிலேயே இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"ரெண்டு வருசம் இருக்கும். சோத்தாங்கைப் பக்கம் சுத்தமா இல்ல. இன்னொண்ணுல கொஞ்சம் கொஞ்சம்" என்றார். வேலையில் பிரஸ் சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்ததை எல்லாம், பேஜாராக இருக்கிறது என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்ட மனிதர். "வெளிய தெரிஞ்சி வேலைய விட்டு நிறுத்திட்டா இன்னா பண்றது? உன்கிட்ட சொன்னா நீ அழுவ. அதான் எல்லாத்துக்கும் சரின்னுக்கினு இருந்தேன்."

அடப்பாவி மனுஷா! பக்கத்து வீட்டு அக்கா பொறாமைப்பட்ட குணம் இதுதானா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நீ எப்பிடிடி கண்டுபுடிச்ச?" என்று மகளைக் கேட்டேன்.

"வண்டில போம்போது முதுவுக்குப் பின்னால பேசினா அப்பா பதிலே சொல்லமாட்டாரு. கண்ணாடில பாத்துக்கினு பேசினா சொல்வாரு."

"அப்போ என்கிட்ட ஏன் சொல்லல? அப்பா வேணான்னாரா?"

"அப்பாவுக்கே தெரியாது, எனுக்குத் தெரியும்னு. பாவம், வெக்கப்படுவாருன்னு சொல்லல."

சட்டென்று எனக்கு அந்த ரிமோட் ஞாபகம் வந்தது. "அப்போ டிவிய அப்பிடி அலறவுடுவியே..."

"அப்பா நியூஸ் பாப்பாருல்ல" என்றாள்.

எத்தனை சாயங்காலம் அந்தக் குழந்தையைச் செவிடா என்று கேட்டிருக்கிறேன்! ஒரு நாளாவது அப்பாவைக் கைகாட்டியிருக்கலாம். அத்தனை திட்டையும் தானே வாங்கிக்கொண்டு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் எழுந்து வந்து அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"கெளைய வெட்டலன்னா பழவேற்காடு இல்லியா?" என்று அவர் தோளிலிருந்தே மகள் கேட்டாள். அன்றைக்கு யாரால் மறுக்க முடியும்? போனோம். ஏரிப் பாலத்தின் மேல் அவர் முதுகைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி, முன்னால் போய், ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, முகத்தைப் பார்த்து, "பயந்தே பூட்டேங்க" என்றேன்.

"சரி" என்றார். இந்தச் சரி, கேட்டுச் சொன்ன சரி.

மறுநாளே கரண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்து ஒயரை மாற்றினார்கள். இரும்புத் துரட்டி துண்டு துண்டாகி அவரைப்பந்தலுக்குக் காலானது. இப்போது எங்களிடமும் மூங்கில்தான். டாக்டர், சோதனைகள் எல்லாம் முடிந்து காதுக்கு மெஷின் வந்தது. பயந்ததுபோல் வேலையும் போகவில்லை, சத்தமில்லாத ஸ்டோருக்கு மாற்றினார்கள். டிவி சத்தம் குறைந்துவிட்டது.

இப்போது சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டாலே அவருக்குக் கேட்கும். ஆனாலும் அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு, அவர் எதிரே போய் நின்றுதான் பேசுகிறேன். முதுகைப் பார்த்தே நான் புலம்பிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு முகம் இருக்கிறது என்பதை, சேற்றுக் கையைத் தூக்கி நின்று காட்டியவள் என் மகள்.