லடாக் சம்பந்தி

பட்டாளத்தில் இருந்த என் தம்பி லடாக்கில் ஒரு பெண்ணை விரும்புவதாகப் போனில் சொன்னான். பனியும் எல்லைச் சண்டையும் தவிர லடாக்கைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அம்மா முதலில் கேட்டது, பெண் என்ன மதம் என்றுதான். பௌத்தம் என்றான். புத்தரும் சாமிதானே என்று அம்மா ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கல்யாணம் மரக்காணத்தில், ஈசிஆர் ஓரத்து மண்டபத்தில் நடந்தது. பெண் வீட்டிலிருந்து அவள் அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் உப்பளத்து ஆட்கள், விவசாயச் சொந்தங்கள் என்று மண்டபம் கொள்ளாத கூட்டம். பெண்ணின் அம்மா மிரண்டுபோய்த் தம்பியிடம் என்னவோ கேட்டார். இத்தனை பேரும் ஒரே ஊரா என்று கேட்கிறாராம். அவர்கள் கிராமத்தின் மொத்த ஜனமும் எங்கள் தெருவில் பாதி வராதாம்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கிய பெண் தலையில் முக்காடு போட்டிருந்தாள். சந்தனத் தட்டோடு வாசலில் நின்ற நான், மண்டபம் மாறி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்தபோது பார்த்தால், மணப்பெண்ணின் அதே முகம். மணப்பெண்ணின் அம்மா மேடையிலிருந்து ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். பெண்ணின் அப்பா ஒரு தடவை பார்த்தார். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

அம்மா என்னைச் சமையற்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “யாருடி அது, முக்காடு போட்டுக்குனு வர்றா? பொண்ணு பௌத்தம்னுதானே சொன்னான்?”

மாப்பிள்ளை ரூமில் தம்பியைப் பிடித்தேன்.

அவள் மணப்பெண்ணின் அக்கா என்றான். பக்கத்து ஊர் முஸ்லிம் பையனைக் கட்டிக்கொண்டவள். அந்தப் பக்கத்தில் புத்தரைக் கும்பிடுகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்களாம். முகம், பாஷை, சாப்பாடு எல்லாம் ஒன்றுதானாம். முன்பெல்லாம் பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். மணப்பெண்ணின் தாத்தாவோடு கூடப் பிறந்த அண்ணனே முஸ்லிமாம். இப்போது அதெல்லாம் நின்றுவிட்டது. மகளை வீட்டில் சேர்த்தால் ஊரில் ஒருவரும் உங்கள் வாசப்படி மிதிக்க மாட்டோம் என்று பெரியவர்கள் அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

“இங்க அவங்க ஊர்க்காரங்க யாரும் வர மாட்டாங்கக்கா. அதான் ரெண்டு பேரும் இங்க பாத்துக்கட்டும்னு நாங்க ஏற்பாடு பண்ணோம். மாமனாருக்குத் தெரியாது.”

பெற்ற மகளைப் பார்க்க ஒருத்தி நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வர வேண்டியிருக்கிறது. உடனே எங்கள் தெருப் பெண் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அனுமந்தை ஊர் மீனவப் பையனோடு போனவள். மதமும் பாஷையும் ஒன்றுதான். ஊரும் பஸ்ஸில் போகிற தூரம்தான். மார்க்கெட்டில் எதிரே வந்தாலும் அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஒருநாளும் எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போட்டதில்லை.

தம்பி கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். போட்டோவில் மணப்பெண்ணின் அக்கா வரக் கூடாது, யாரும் ஸ்டேட்டஸில் போட்டுவிடக் கூடாது. போட்டோகிராபரிடம் சொன்னேன். அம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். அம்மா நேராகப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முன்வரிசையில் அவள் அம்மா பக்கத்தில் உட்காரவைத்தாள்.

தாலி கட்டும்போதுகூட தம்பியின் மாமனார் உள்ளே வரவில்லை. காபி எடுத்துக்கொண்டு போனேன். வேன் பக்கத்தில் நின்றிருந்தவர் வாங்கிக் குடித்தார். சாயங்காலம் ஏர்போர்ட் கிளம்பும்போது வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அவர் மனைவியும் பெரிய மகளும் பின்னால் ஏறினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கச் சொல்லவும் இல்லை.

சில வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். எங்கள் சித்தப்பா மகன் போட்ட ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில், முக்காடு போட்ட மகளுக்கு அம்மா ஜிலேபி ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் படம் எந்தெந்தக் கை மாறியோ அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரில் கேட்டபோது மாமனார் மறைக்கவில்லை. ஆமாம், என் மகள்தான் என்றிருக்கிறார். இப்போது அறுப்பு நேரம், அவர் பார்லி வயலில் கதிர் அறுக்க ஒருவரும் வரவில்லை. ஆளே இல்லாத அந்த ஊரில் அக்கம்பக்கம் கைகொடுக்காவிட்டால் அறுப்பே கிடையாதாம். இங்கே ஒருத்தன் விளையாட்டாகப் போட்ட படம், அங்கே ஒரு வீட்டின் சாப்பாட்டில் கை வைத்துவிட்டது.

தம்பி லீவு போட்டுவிட்டு அறுக்கப் போனான். எங்கள் நிலத்தில் அவன் அரிவாளைத் தொட்டதே கிடையாது. மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து பெரிய மருமகனும் தன் அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வந்து வயலில் இறங்கினாராம். மாமனார் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் பிளாஸ்கோடு வந்தவர், வரிசையாக எல்லோருக்கும் டீ ஊற்றினாராம், பெரிய மருமகனையும் விடாமல்.

அங்கிருந்து தம்பி போனில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அந்தப் பொண்ணு எப்படா அவங்க அம்மா வூட்டுக்கு வரும்?”

“தெரிலம்மா,” என்றான் தம்பி. “இன்னும் பாதி வயல் கெடக்குது.”