மூன்று தண்ணீர் மாற்றிய மாம்பழம்

அந்த மே மாதத்துப் பகல்களில் வீட்டில் இருந்தது அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா காலை ஏழரைக்கே கார்மெண்ட்ஸ் வண்டி ஏறப் போய்விடுவாள். திரும்பி வர ஆறரை ஆகும். அம்மாவின் தம்பியான என் மாமா வாரத்துக்கு இரண்டு தடவை வந்து மாம்பழப் பையை வாசற்படியில் வைத்துவிட்டு, அக்காவின் வாய்க்குப் பயந்து உள்ளே வராமலே ஓடிவிடுவார். ஆஸ்பத்திரி டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு அறிவியல் நடத்திய டீச்சர், லீவு விட்டதும் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கடைசியில் சொன்ன இரண்டு பேரில் ஒருவராவது நீலசந்திராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போடும் முன் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. அந்தச் சமயத்தில் ஊரெங்கும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்ததால் வேலைக்குக் குறைவில்லை. பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியை மிதிப்பது அங்கே தினசரி நடப்பதுதான். ஆனால் அந்த முறை குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். "குத்தினதே தெரியல பாரு, அவ்வளவு கெட்டிக் காலு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். தெரியாமல் போனதுதான் வியாதி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

டாக்டர் கன்னடத்தில் பேசினார். உடம்பில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, கட்டை விரலுக்கு அடுத்த விரல் கறுத்துவிட்டது. மூன்று வாரம் மாத்திரை, பத்தியம். சர்க்கரை இறங்கினால் விரலைக் காப்பாற்றலாம். இல்லையென்றால் மேலே பரவும் முன்பு எடுத்துவிட வேண்டும். இனிப்பு கூடாது, பழம் கூடாது, சீசன் என்பதால் குறிப்பாக மாம்பழத்தைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. வரும் வழியெல்லாம் அம்மா 'பெரளு, பெரளு' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். கன்னடத்தில் விரல் என்பதற்கு அதுதான் சொல். அதைத் தமிழில் சொன்னால் நடந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. அப்பா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாரத்துல நிக்கறவனுக்கு கால் விரல்தான்டா பிடி" என்று என்னிடம் சொன்னார்.

இத்தனைக்கும் நடுவில் மாமா மாம்பழம் கொண்டுவந்தார். அவர் மார்க்கெட்டில் பழக்கூடை இறக்குகிறவர். அடிபட்ட பழங்களைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் பையைப் பார்த்ததும் அம்மா கத்தினாள். இந்த வீட்டுக்கா பழம் எடுத்து வருகிறாய், உனக்குப் புத்தி இருக்கிறதா என்று. மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "பையனுக்குத்தான்க்கா. லீவுல அவனுக்கு வேற என்ன இருக்கு?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பையை வாங்கி, பழங்களை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே நறுக்கினாள். எங்கள் வீட்டில் மாம்பழம் நறுக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பக்கெட் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். பழத்தின் சூடு தண்ணீரில் இறங்கிவிடும், வயிற்றைக் கெடுக்காது. அப்புறம் காம்பைக் கிள்ளி, பால் வடியவிட்டு, அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அரிவாள்மனையில் கொட்டையை ஒட்டி இரண்டு கதுப்பு, பிறகு பக்கவாட்டில் இரண்டு கீற்று. கதுப்பு எனக்கும் அம்மாவுக்கும். கொட்டை அப்பாவுக்கு. இதில் தியாகம் எல்லாம் இல்லை, அவருக்கு உண்மையிலேயே கொட்டைதான் பிடிக்கும். மூலையில் பாத்திரம் கழுவித் தண்ணீர் விடுகிற மோரிப் பக்கம் குந்தி உட்கார்ந்து, சாறு முழங்கை வரை ஒழுக, நார் வெளுத்துத் தாடி மாதிரி ஆகும் வரை விடமாட்டார். அந்த ஞாயிறு கொட்டை தட்டிலேயே கிடந்தது. எனக்கும் எடுக்கத் தோன்றவில்லை. அம்மா அதை ஒரு பேப்பரில் சுற்றி, தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது என் முகவாயைப் பிடித்து அம்மா சொன்னாள்: "அப்பா வாயில ஒரு துண்டு போனாலும் எங்கிட்ட சொல்லணும். நீதான் பொறுப்பு."

நான் பொறுப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்கிற பிள்ளை. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்த வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆஸ்பத்திரிச் சீட்டை நான்தான் படிப்பேன். மாத்திரை அட்டையில் இருந்த ஆங்கிலப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொன்னால், ரேடியோவில் செய்தி கேட்பது போல அப்பா தலையாட்டிக் கேட்பார். அவர் என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார்.

அரிசி டின்னில் பழுத்த பழங்களின் வாசனைக்கு அந்த அறை போதவில்லை. அப்பா தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பார். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. "அடியில இருக்கே, அது பழுத்திருச்சு. இன்னைக்கே அறுத்துரு, நாளைக்கு வீணாயிடும்" என்பார். எடுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். நான் அறுத்துச் சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வார். கத்தி கொட்டையில் இடிக்கும் சத்தத்தை வைத்தே, "தள்ளி வெட்டுடா, எல்லாம் கொட்டையோட போகுது" என்பார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பக்கெட்டில் மிதந்த பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது தோன்றியது. அம்மா சொல்படி பழத்தின் சூடு தண்ணீரில் இறங்குகிறது. வகுப்பில் டீச்சர் மூன்று கிளாஸ் தண்ணீரில் உப்பு, சர்க்கரை, மணல் மூன்றையும் போட்டுக் காட்டினார். மணல் மட்டும் கரையவில்லை. அப்படியானால் பழத்தின் இனிப்பும் தண்ணீரில் இறங்கத்தானே வேண்டும்? தோலோடு ஊறினால் இறங்காது. நறுக்கி ஊறவைத்தால்?

நறுக்கினேன். குண்டானில் போட்டு, தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. குடித்துப் பார்த்தேன். இனித்தது. அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது நிஜமாகவே நடந்திருந்தது, அதுவும் எங்கள் குண்டானில். தண்ணீரை மோரியில் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றினேன். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகு துண்டுகள் ஓரம் வெளுத்துத் துவண்டிருந்தன. தட்டில் வைத்து அப்பாவிடம் கொண்டுபோய் விஷயத்தை விளக்கினேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சரே சொன்னாங்களா?"

"புக்குலயே இருக்குப்பா."

பாடத்தை எடுத்துப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். 'சர்க்கரை நீரில் முழுவதும் கரையும்' என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"சப்புனு இருக்குடா" என்றார். அடுத்த துண்டை எடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் நடந்தது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போது, மாம்பழம் சாப்பிட்டுமே இறங்கியது என்று எல்லோர் முன்னாலும் சொல்வதாக இருந்தேன். மோரி ஓரம் எறும்பு சாரி சாரியாக வந்ததைப் பார்த்து அம்மா கேட்டபோது, "நான் சாப்பிட்டுக் கை கழுவினேன்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

நாளாக ஆக, நேரம் சுருங்கியது. ஒரு மணி நேரம் முக்கால் ஆயிற்று, அரையாயிற்று. "நீ படிச்சவன், சொல்லு வாத்தியாரே. ஊறினது போதுமா?" என்று அப்பா கேட்பார். பெரியவர் ஒருவர் என்னிடம் அனுமதி கேட்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் குண்டானை எட்டிப் பார்த்து, யோசிப்பது போலக் கொஞ்சம் நின்று, போதும் என்பேன். மூன்று தண்ணீர் இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. கடைசி வாரத்தில் துண்டுகளைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் சரி என்று ஆகிவிட்டது. கொட்டையையும் முக்கிக் கொடுத்தேன். அவர் காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து, பழைய மாதிரி முழங்கை வரை சாறு ஒழுகச் சாப்பிட்டார். துணி நனைத்து அவர் கையை நான்தான் துடைத்துவிட்டேன், எறும்பு வராமல்.

ஸ்கூல் திறந்ததும் எத்தனை நிமிஷம் ஊற வேண்டும் என்று டீச்சரிடம் சரியாகக் கேட்டு வருகிறேன் என்றேன் ஒருநாள். அப்பா அவசரமாக, "அதெல்லாம் கேக்க வேணாம்" என்றார். டீச்சரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா அரைநாள் லீவு போட்டிருந்தாள். ரத்தம் எடுத்துச் சீட்டு வர மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், கட்டைப் பிரித்துக் காலைப் பார்த்தார். ஒரு விரலில் இருந்த கறுப்பு மூன்று விரலுக்குப் பரவியிருந்தது. சர்க்கரை முதலில் இருந்ததைவிட ஏறியிருந்தது.

"ஹண்ணு திந்த்ரா?" என்று கேட்டார். பழம் தின்றீர்களா என்று.

நான் வாயைத் திறந்தேன். மூன்று தண்ணீர் பற்றிச் சொல்லத்தான். என் தோள்மேல் இருந்த அப்பாவின் கை அழுந்தியது.

"பழம் இல்ல சார், டீ" என்றார். "தெருமுனைக் கடையில. தினம் ரெண்டு டீ. சர்க்கரை தூக்கலா."

அம்மா வெளியே வந்து மரத்தடியில் நின்றுதான் கேட்டாள். "அப்போ இந்தக் காலை வெச்சுக்கிட்டு கடை வரைக்கும் நடந்திருக்க. ஒண்ணரை ரூபா டீக்கு. நான் அங்க மெஷின்ல குனிஞ்ச தலை நிமிராம கெடக்கேன், நீ இங்க டீ குடிக்க நடந்திருக்க." அப்பா ஆமாம் என்பது போல நின்றார்.

அன்று சாயங்காலமே அம்மா டீக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். நானும் பின்னாலேயே போனேன். வியாதிக்காரனுக்குச் சர்க்கரை போட்டுக் கொடுத்துக் காசு பார்க்கிறாயா என்று தெருவே நின்று பார்க்கும்படி கேட்டாள். கடைக்காரர் கையில் டீ வடிகட்டியோடு திகைத்துப்போனார். "உங்க வீட்டுக்காரர் என் கடைப் பக்கம் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா. காலைக் கீழ வெக்க முடியாத மனுஷன் எப்படி வருவாரு? என் பொண்ணு மேல சத்தியம்" என்றார். பெற்ற பிள்ளைமேல் பொய்ச் சத்தியம் செய்கிறானே என்று அம்மா தூற்றிவிட்டு வந்தாள். எனக்கும் அந்த ஆள்மேல் ஆத்திரமாக இருந்தது.

ஆம், நானும் நம்பினேன். நான் வாசல் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து அவர் நொண்டி நொண்டிப் போய் வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு பார்த்துப் பார்த்து நான் இறக்கிய இனிப்பையெல்லாம் அந்த டீ ஏற்றிவிட்டது.

வலது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். கட்டு போட்ட காலோடு வீட்டுக்கு வந்த அன்று, அம்மா வெளியே போன நேரத்தில், நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நான் ஒவ்வொரு தண்ணியா மாத்திக் குடுத்தேன். நீ டீ குடிச்சுக் கெடுத்துட்டப்பா."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "தப்புதான் வாத்தியாரே" என்றார்.

அந்தக் கோபம் எனக்குப் பல வருடம் இருந்தது. அவர் மறுபடி சாரம் ஏறவில்லை. ஒரு கட்டடத்தில் வாட்ச்மேனாக உட்கார்ந்து, நான் பத்தாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். பத்தாவது முடித்துச் சேர்ந்த பி.யூ.சி.யில், கெமிஸ்ட்ரி லேபில் ஒருநாள் கண்ணாடிக் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எந்த முன்யோசனையும் இல்லாமல் அந்த மஞ்சள் தண்ணீர் ஞாபகம் வந்தது. நறுக்கின இடத்தில் கசிந்த கொஞ்சம் சாறு மட்டும்தான் அது. டீக்கடைக்காரரின் சத்தியம் ஞாபகம் வந்தது. குடுவையை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். முதல் துண்டைச் சாப்பிடும்போதே அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லை, நான் படித்துக் காட்டியதை அவர் நம்பினாரா என்பது மட்டும் இன்றைக்கும் தெரியவில்லை. நம்பியிருக்கக் கூடாது என்றே வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா சம்பளத்தில் பிடித்துவைத்த பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டுமென்றால் வேலையை விட்டால்தான் முடியும் என்றார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்க அம்மா மூன்று வருடம் பார்த்த வேலையை ராஜினாமா செய்து அந்தப் பணத்தை எடுத்துவிட்டு, வேறொரு கார்மெண்ட்ஸில் புது ஆளாக, குறைந்த சம்பளத்தில் சேர்ந்தாள். பழம் மாமா கொண்டுவந்தது, அதற்குக் காசில்லை. அந்த பி.எஃப். டீக்குப் போன பணம் என்றுதான் அம்மா இன்னமும் சொல்கிறாள், நானும் திருத்தியதில்லை. ஏழாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.